வரிசையை விடாதீங்க மாமா

தள்ளுபடி விற்பனைக்குப் போனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்குள் நுழைந்ததும் பில் போடும் வரிசையில் ஒரு ஆளை நிறுத்திவிடுவோம். அப்புறம்தான் துணியையே பார்ப்போம். நான் வேண்டியதை அள்ளிக்கொண்டு வருவதற்கும் அந்த ஆள் கவுன்டரை நெருங்குவதற்கும் சரியாக இருக்கும். பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். முறைத்தால் தேய்ந்தா போய்விடுவோம்.

எப்போதும் நிற்பவர் என் கணவர். இந்த விடுமுறையில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் மாமனாரைக் கூட்டிக்கொண்டு அவுட்லெட் மாலுக்குப் போனேன். மாமாவுக்குக் கொஞ்ச நாளாக மறதி. கூட்டத்தில் அவரை விட்டுவிடாதே என்று கணவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"நான் வர்ற வரைக்கும் வரிசைய விடாதீங்க மாமா" என்று சொல்லி, ஒரு கம்பளிக் கோட்டை அவர் கையில் திணித்துவிட்டு, எதிர்க்கடைக்கு ஓடினேன். அங்கே பிள்ளைகள் ஷூ பாதி விலை. பாதி விலை என்றால் எனக்கு நேரம் தெரியாது.

திரும்பி வந்தபோது மாமா கவுன்டர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இல்லை. நடுவிலும் இல்லை. துணி போட்டுப் பார்க்கும் அறைகள், மின்படிக்கட்டு, சாப்பாட்டு மேஜைகள், கார் நிறுத்தும் வாசல் என்று எல்லா இடத்திலும் தேடினேன். போன் செய்யவும் வழியில்லை. தொலைத்துவிடுவார் என்று அவருடைய போனை நானே வாங்கி என் கைப்பையில் போட்டிருந்தேன்.

காவலாளி கேட்டார். "என்ன கலர் சட்டை?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோட்டில் எந்தப் பட்டன் தளர்ந்திருந்தது என்று தெரியும். மாமா என்ன சட்டை போட்டிருந்தார் என்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கையில கோட்டு வெச்சிருப்பாங்க" என்றேன்.

"இன்னிக்கு எல்லார் கையிலயும் கோட்டுதான்மா."

அந்த நேரம் பார்த்துக் கணவர் போனில் கூப்பிட்டார். "அப்பா எங்க?"

"வரிசைல நிக்கிறாங்க. அப்புறம் பேசுறேன்" என்று வாய் கூசாமல் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுபடி அதே கடைக்குள், கூட்டத்தை இடித்துக்கொண்டு நுழைந்தேன். ஒரு அம்மாள் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "முன்னாடி எங்க போற? கடைசி அங்க இருக்கு."

அவள் கை காட்டிய பக்கம் பார்த்தேன். எந்த வரிசையிலும் கடைசியைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. வாசலைத் தாண்டி, சுவரோரமாகத் திரும்பிப் போன வரிசையின் கடைசி ஆளாக மாமா நின்றிருந்தார். நீலச் சட்டை. போன வருஷத் தள்ளுபடியில் நான் எடுத்தது. தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"வந்துட்டியாம்மா? கவுன்டர் வரைக்கும் போவேன், நீ இருக்க மாட்ட. மறுபடி கடைசில வந்து நின்னுக்குவேன். நீ தேடுவியேன்னு பாத்ரூம் கூடப் போகல."

அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோட்டை வாங்கிப் பக்கத்து பெஞ்சில் போட்டேன்.

"வாங்க மாமா, போகலாம்."

"இடம் போயிடுமே."

"போனா போகுது."

போன் மறுபடி அடித்தது. எடுத்து மாமாவிடம் கொடுத்தேன்.

"வரிசைலதான்டா நிக்கிறேன்" என்றார் மகனிடம். "உன் பொண்டாட்டிதான் விட்டுட்டு வாங்கங்கிறா."