மீன்கொத்தியின் இடது சிறகு

குணசேகரன் பால் பாக்கெட் வெட்டுவதைப் பார்த்தால் ஏதோ அறுவை சிகிச்சை நடக்கிறது என்று தோன்றும். காலை ஐந்தரைக்கு இரண்டு நீல பாக்கெட். சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, மூலையில் விரல்நகம் அளவுக்குக் கத்தரியால் ஒரே வெட்டு. முக்கோணத் துண்டு சிங்க்கில் விழுந்து தண்ணீரோடு போய்விடும். ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். ஒரு மயிரிழை தப்பினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிய மனிதர், பால் பாக்கெட்டிடமா விட்டுக்கொடுப்பார்? மனைவி சாவித்திரி பல்லால் கடித்துப் பிய்க்கிற ரகம் என்பதால், கத்தரி இவர் கைக்கு வந்து பல வருடம் ஆகிறது.

கள்ளிக்குப்பத்தில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக்குச் சங்கச் செயலாளரும் அவரே. அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பையில் ஒரு நோட்டீஸோடு கீழே இறங்கினார். வாசலுக்கு வெளியே புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் தாயம்மாள் இரண்டு நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. மத்தியானத்தில் வண்டிப் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது என்று மூன்றாம் மாடி சௌம்யா வாட்ஸ்அப் குழுவில் புகார் போட்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக அந்த மரத்தடிதான் தாயம்மாளுக்குச் சோறு போடுகிறது. அது குணசேகரனுக்கும் தெரியும். தெரிந்தும் மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனார்.

வண்டியில் துணி எதுவும் இல்லை. இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே ஏதோ ஒரு சுருளின் ஓரத்தை வைத்து, இஸ்திரிப் பெட்டியை மேலே பட்டும் படாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள் தாயம்மாள். அதே வாடை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று இவர் பைக்குள் கைவிட்டார். அவளோ எதையும் மறைக்கவில்லை.

“சார், அந்த முனைய கொஞ்சம் புடிங்க. ஒத்த ஆளா விரிக்க முடில.”

யோசிக்காமல் பிடித்துவிட்டார். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள், போய்க்கொண்டே இருந்தாள். சுருட்டி வைத்திருந்தது விரிய விரிய, ஒரு மீன்கொத்தி வெளியே வந்தது.

அம்பத்தூர் ஏரிக்கரை மின்கம்பியில் உட்கார்ந்திருக்குமே, அதே மீன்கொத்திதான். ஆனால் ஓர் ஆளைவிட நீளம். ஆரஞ்சுப் பாக்கெட் துண்டுகளில் தலை. வெள்ளைத் துண்டுகளில் தொண்டை. வலது சிறகு முழுக்க நீலம். வெயில் பட்டதும் அந்த நீலம் உயிர் வந்தாற்போல் மினுங்கியது. குணசேகரன் தன் வாழ்நாளில் எத்தனையோ பொருளைச் சோதித்திருக்கிறார். ஒன்றின் முன்னாலும் இப்படிச் சோதிக்க மறந்து நின்றதில்லை.

பழைய வழக்கம் விடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து குற்றம் தேடினார். சிறகில் நூற்றுக்கணக்கான முக்கோணங்கள், வரிசை வரிசையாக, ஒன்றின் விளிம்பில் இன்னொன்று. ஒன்றுகூட ஒரு நூல் பிசகவில்லை.

இதெல்லாம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். தாயம்மாள் வண்டிக்குப் பக்கத்திலிருந்த கால்வாயைக் காட்டினாள். அடுக்குமாடியின் சமையலறைத் தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து விழும். மழைக்கு மழை அடைத்துக்கொண்டு, தண்ணீர் வண்டிச் சக்கரம் வரை ஏறும். கையை விட்டுத் துழாவினால் பூராவும் பால் பாக்கெட் மூலைகள். அள்ளிக் குப்பையில் போட்டால் காற்றில் பறந்து மறுபடி கால்வாய்க்கே வருகின்றன. சூடு காட்டி ஒட்டிவைத்தால் எங்கேயும் போகாதே என்றுதான் ஒரு வருடம் முன்னால் தொடங்கினாளாம். ஒட்டுவதுதான் ஒட்டுகிறோம், ஒரு பறவையாக இருக்கட்டுமே என்று தோன்றியதாம். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

“இத்தனையும் ஒரே அளவா எப்படிம்மா வெட்டினே?”

“நான் எங்க சார் வெட்னேன்? கடிச்சது, பிச்சதுன்னு நூறு தினுசு வருது. இந்த நீலம் மட்டும் தெனம் ரெண்டு, அச்சுல வார்த்தா மாதிரி வந்துகினே கீது. எந்த ஊடுன்னு தெரில. ஆளு ரொம்ப சுத்தம் சார்.”

குணசேகரனுக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு வருடத்துக் காலைகள் மொத்தமும் சிறகாகி அவர் முன்னால் கிடந்தன. கால்வாயை அடைத்ததும் அவர்தான். இவ்வளவு அழகுக்குள் இருப்பதும் அவர்தான். பெருமைப்படுவதா தலைகுனிவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தார்.

“அது நான்தாம்மா,” என்றார்.

தாயம்மாள் அவரையே பார்த்தாள். கோபப்படவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

இடது சிறகு தோளோடு நின்றிருந்தது. நான்கே வரிசை நீலம், அப்புறம் வெறுமை. தவறைச் சரிசெய்கிற வேகத்தில் அவர் சொன்னார், நாளையிலிருந்து துண்டுகளைச் சிங்க்கில் விடாமல் டப்பாவில் சேர்த்துத் தானே கொண்டுவந்து தருவதாக. இன்னொரு வருடத்தில் அந்தச் சிறகும் முடிந்துவிடுமே.

அவள் தலையசைத்து மறுத்தாள்.

“வேணாம் சார். மூலைய முழுசா வெட்டாம தொங்க வுடுங்க, பாக்கெட்டோடவே போயிடும். இந்த றெக்க முடியாமயே கெடக்கட்டும். முடியணும்னா நீங்க இன்னும் வெட்டிகினே இருக்கணும்ல, அது நல்லாவா இருக்கும்?”

நோட்டீஸ் பையை விட்டு வெளியே வரவே இல்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் வேறொரு தாள் இருந்தது: பால் பாக்கெட்டின் மூலையை யாரும் முழுதாக வெட்டக் கூடாது. மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவந்த சௌம்யா, மீன்கொத்தியைப் பார்த்ததும் பொத்திய கையைக் கீழே போட்டாள். மூலைகள் வருவது நின்றது. ஒட்ட எதுவுமில்லாமல் வாடையும் நின்றது. அந்த வருட ஐப்பசி மழையில் கால்வாய்த் தண்ணீர் சக்கரத்தைத் தொடாமல் ஓடியது.

மீன்கொத்தி இப்போது அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், மின்மீட்டர்களுக்கு எதிர்ச் சுவரில் பறக்கிறது. புதிதாக வருகிறவர்கள் முதலில் மலைத்து நிற்பார்கள். அப்புறம் கேட்பார்கள், இவ்வளவு அற்புதமாகச் செய்துவிட்டு இடது சிறகை இப்படி அரைகுறையாக விட்டது யார் என்று.

முப்பத்தோரு வருடத்தில் அரைகுறையான ஒரு பொருளையும் வெளியே விடாத குணசேகரன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்: “நான்தான்.”