சவுரியப்பனின் நூறு ரூபாய் நாணயம்

தர்மபுரிக் கல்யாண மண்டபம் ஒன்றில் நாணயக் கண்காட்சி. பொம்மிடி ரயில் நிலையத்தில் வேலை பார்க்கும் சவுரியப்பன் முதல்முறையாக மேசை போட்டிருந்தார். நடுவில், கறுப்பு வெல்வெட் துணியில், ஒரு நூறு ரூபாய் நினைவு நாணயம். ‘புரூஃப்’ என்று அட்டை எழுதி வைத்திருந்தார். சேகரிப்பவர்களுக்காகவே தனிக் கவனத்தோடு அச்சிடப்படும் நாணயத்துக்கு அந்தப் பெயர். சேலத்தில் ஆசை ஆசையாக வாங்கியது.

பக்கத்து மேசை தேவிப்பிரியாவுடையது. அவள் பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவள்; பல வருடங்களாகச் சேகரிப்பவள். அவருடைய நாணயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மின்னியதைப் பார்த்ததும் அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. கூட்டம் வருமுன் சொல்லிவிடுவது நல்லது என்று தன்னுடைய புரூஃப் நாணயத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

“அண்ணா, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.”

சவுரியப்பன் லென்ஸோடு குனிந்தார். அவளுடைய நாணயத்தின் தளம் கண்ணாடியாக இருந்தது. அதன்மேல் அசோகத் தூண் சிங்கங்கள் மட்டும் பனி மூடியதுபோல் வெளுத்து நின்றன. பிடரியில் ஒவ்வொரு இழையும் தனித்துத் தெரிந்தது.

“எப்படிம்மா இப்படி?”

“அச்சையும் தகட்டையும் முன்னாடியே மெருகு போட்டுருவாங்க. அப்புறம் நிதானமா ஒரு தடவைக்கு மேல அடிப்பாங்க. உங்களுது ஒரே அடியில வந்த சாதா நாணயங்க. யாரோ பின்னால தேச்சு மினுக்கியிருக்காங்க.”

லென்ஸுக்குள் தன் நாணயத்தில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. எழுத்துகளின் முனை மழுங்கியிருந்தது. சவுரியப்பன் அட்டையைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினார்: ‘தேய்த்து மினுக்கிய நாணயம். புரூஃப் என்று நம்பி வாங்கினேன்.’

“எதுக்குங்கண்ணா? எடுத்து உள்ள வெச்சிடலாமே!”

“நான் ஏமாந்த மாதிரி இன்னொருத்தர் ஏமாறக் கூடாதில்ல? உன்னோடது சாயங்காலம் வரைக்கும் இங்க இருக்கட்டும்மா. தேய்க்காத சாதா நாணயம் இருந்தா அதையும் குடு.”

மூன்றும் வரிசையாக அமர்ந்தன. மதியத்துக்குள் மண்டபத்தில் பாதிப் பேர் அந்த மேசையில்தான் நின்றார்கள். தேவிப்பிரியாவும் தன் இடத்தை விட்டு அங்கே வந்துவிட்டாள்.

“தேய்க்காததைச் சாய்ச்சா வெளிச்சம் சக்கரமாட்டம் சுத்துது பாருங்க. தேச்சதுல அது போயே போச்சு,” என்று சவுரியப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் கூச்சமே இல்லை. இப்படி ஒரு மனுஷரா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்துப் புரூஃப் நாணயத்தைக் காட்டத் திரும்பியவர், பேச்சை நிறுத்தி, தானே குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார். சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள்.