யெஹோஷுவாவைக் குளிப்பாட்டியவள்

அலுமாரிச் சாவி யாக்கோபுவின் சாரத்து மடியில் இருந்தது. அலுமாரிக்குள்ளே மகள் மெலனியின் வெள்ளைச் சட்டை இருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை ஏழு மணிப் பூசையில் மெலனிக்கு முதல் நன்மை, முதன்முதலாய் நற்கருணை வாங்குகிற நாள். சட்டை இல்லாமல் பிள்ளையை எப்படிக் கோயிலுக்குக் கூட்டிப் போவது? ஒரு தாய்க்குத் தலை வெடிக்க இதைவிட வேறென்ன வேணும், நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சட்டை லேசில் வந்த சட்டையும் இல்லை. ஜூலியானா ஆறு வருஷம் இஸ்ரேலில், ஹைஃபாவில், படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அங்கே ஒரு அரபுக் கிறிஸ்தவக் கடையில் ஏறி இறங்கி, லேஸ் தொட்டுப் பார்த்து, நெஞ்சளவு குத்துமதிப்பாய்ச் சொல்லி வாங்கியது. பிள்ளையின் அளவு தாய்க்குக் குத்துமதிப்பாய்த்தான் தெரியும் என்றால் அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது? விமானம் ஏறும்போது மெலனிக்கு இரண்டரை வயசு. முதல் பல் விழுந்ததைப் போனில் பார்த்தாள். பள்ளிக்கூடம் போனதைப் போனில் பார்த்தாள். “முதல் நன்மைக்கு அம்மா பக்கத்தில நிப்பன்” என்று போகும்போது கொடுத்த வாக்கு ஒன்றுதான் மிச்சம். அதுக்காகத்தான் கிழவர் போய்ச் சேர்ந்த பிறகு வேறு வீடு தேடாமல் சொந்த ஊர் எத்தாளைக்குத் திரும்பி வந்தாள். வந்து ஐந்து மாசம்.

வந்து பார்த்தால் புருஷனுக்கு விசர் பிடித்திருந்தது.

யாக்கோபு குடிக்கிற ஆளில்லை. குடித்தாலாவது விடிய வெறி முறியும். இது முறியாத வெறி. கச்சான் காத்து அடித்துப் படகெல்லாம் மணலில் ஏறிக் கிடந்த மாசங்களில் மனுசன் போனும் கையுமாகக் குந்தியிருந்திருக்கிறான். சிவப்பு டை கட்டிய ஒரு ஆள் அதில் வந்து, “இயேசு என்பது ஆண்டவரின் பேரே அல்ல” என்று சொல்லியிருக்கிறான். எபிரேயத்தில் தாய் வைத்த பேர் யெஹோஷுவா, ‘கர்த்தரே மீட்பு’ என்று அர்த்தம், அதைக் கிரேக்கர் தங்கள் வாய்க்கு வளைத்தார்கள், லத்தீன்காரர் அவர்கள் வாய்க்கு வளைத்தார்கள், போர்த்துக்கேயன் கப்பலில் கொண்டு வந்து எங்கள் கரையில் ‘சேசு’ என்று இறக்கிவிட்டுப் போனான். இவ்வளவும் சரியாகவே இருக்கட்டும். அதோடு விட்டானா? “பிழையான பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பரலோகத்தில் யாருக்குக் கேட்கும்?” என்று ஒரு கேள்வியையும் போட்டுவிட்டான். அது யாக்கோபுவின் மண்டைக்குள் புகுந்து பாயை விரித்துப் படுத்துக்கொண்டது.

முதலில் செபமாலை சொல்லும்போது அந்த இடம் வந்தால் மட்டும் வாயை மூடினான். பிறகு பிள்ளையைத் திருத்தத் தொடங்கினான். அருள் நிறைந்த மந்திரத்தில், ஒவ்வொரு மணிக்கும் அந்தப் பேர் வருகிறதே. ஐம்பத்து மூன்று மணி, ஐம்பத்து மூன்று தரம் திருத்தம். ஊரிலேயே கடகடவென்று மந்திரம் சொல்லுகிற பிள்ளை, இப்போது “திருவயிற்றின் கனியாகிய” என்று வந்ததும் நின்று, தகப்பன் முகத்தையும் தாய் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். நாளைக்குச் சனிக்கிழமை, நன்மைக்குப் படிப்பிக்கிற சிஸ்டர் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தி மந்திரம் கேட்பார். இந்தப் பிள்ளை என்ன செய்யும்?

போன கிழமை யாக்கோபு அந்த சிஸ்டரிடமே போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தான். “எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பார் அண்ணன், நீங்க பிள்ளையக் குழப்பாதீங்க” என்று சிஸ்டர் சொன்னாராம். வந்த கையோடு அலுமாரியைப் பூட்டினான். “அவர்ட சொந்தப் பேர் என்ட பிள்ளைட வாயில வரட்டும். அதுவரைக்கும் நன்மையும் இல்ல, சட்டையும் இல்ல.”

ஜூலியானா கெஞ்சினாள், ஏசினாள், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தாள். ம்ஹூம். கருங்கல்லோடு தலையை முட்டினாலும் கல்லில் ஒரு கீறலாவது விழும்.

பின்னேரம் பக்கத்து வீட்டு ஸும்றா ராத்தா, வாங்கிப் போன தேங்காய்த் திருவலையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், ஜூலியானாவின் முகத்தைப் பார்த்ததும் குசினி வாசலிலேயே குந்திவிட்டாள்.

“இன்னுமா சாவி தரல்ல?”

“எங்க தாறது. மடியில கட்டிக்கொண்டு குளிக்கவும் போறார்.”

“அல்லாஹ்வே! நாங்க ஈஸா நபி எண்டுறோம். சிலாவத்துச் சிங்களச் சனம் ஜேசு எண்டுது. நீங்க இயேசு எண்டுறீங்க. இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்லையே புள்ள. அப்ப உன்ட மனுசன்ட பேரும் பிழைதானே? எங்கட யஃகூப் நபிட பேரில்லையா அது?”

ஜூலியானாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. “நீ அங்க இருந்தவள்தானே புள்ள, போய் அவருக்கு எடுத்துச் சொல்லு” என்று ஸும்றா எழும்பும்போது சொன்னாள். “ஆறு வருஷம் அந்தப் பாஷைக்குள்ளயே கிடந்தவளுக்குத் தெரியாததா அந்தப் போன்காரனுக்குத் தெரியும்?”

அதுதானே! ஜூலியானாவின் நெஞ்சுக்குள் ஐந்து மாசமாய்க் கிடந்து குத்துகிற முள்ளே அதுதான். புருஷன் அந்தப் பாஷையை எங்கேயோ இருக்கிற ஒருவனிடம் படிக்கிறான், அந்தப் பாஷையில் திட்டு வாங்கி, மருந்து வாங்கி, பஸ் ஏறி, ஆறு வருஷம் சீவித்தவள் அதே குசினியில் வெங்காயம் உரிக்கிறாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவளிடம் கேட்டானா? ஆறு வருஷமும் போனில் “சுகமா? சாப்பிட்டியா? சரி, நாளைக்குக் கதைப்பம்.” அவ்வளவுதான் கதை.

பொழுது பட்டதும் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி மூன்று பேரும் முழங்காலில் இருந்தார்கள். முதல் பத்து மணியை ஜூலியானா சொன்னாள். அவளுடைய ஒவ்வொரு “இயேசு”வுக்கும் யாக்கோபு பக்கத்தில் செருமினான். பத்துத் தரமும் செருமினான்! இரண்டாவது பத்து மெலனியின் முறை.

“...திருவயிற்றின் கனியாகிய...” பிள்ளை நின்றுவிட்டாள்.

“சொல்லு மகள்,” என்றான் யாக்கோபு. “யெ-ஹோ-ஷு-வா.”

மெலனி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அழத் தொடங்கினாள். “எனக்கு நன்மையும் வேணாம் ஒண்டும் வேணாம்,” என்று சொல்லி மணியைப் பாயில் வைத்துவிட்டாள்.

“பாத்தீங்களா? இப்ப சந்தோசமா?” என்றாள் ஜூலியானா.

“என்னக் கேக்காத. உன்னக் கேள். ஆறு வருஷம் அவர் நடந்த மண்ணில இருந்துட்டு வந்திருக்கிறாய், அந்தப் பேரை ஒருக்காவாவது உன்ட வாயால நான் கேட்டிருக்கிறனா? சொல்லு பாப்பம். பிள்ளைக்கு நீ சொல்லிக் காட்டு.”

“அந்தப் பேர நான் ஆறு வருஷம் கழுவினனான்!”

சத்தம் வேலி தாண்டிப் போயிருக்கும். போகட்டும். யாக்கோபு திகைத்துப் போய்ப் பார்த்தான்.

“நான் பாத்த கிழவருக்குப் பேர் என்னெண்டு தெரியுமா உங்களுக்கு? தெரியாது. யெஹோஷுவா. அவர்ட ஆஸ்பத்திரி அட்டையில அதுதான் எழுதியிருந்தது. அங்க அது மனுசப் பேர். பஸ் ஓட்டுறவனுக்கும் இருக்கும், கீரைக்கடைக்காரனுக்கும் இருக்கும். எங்கட பைபிள்ள வாற யோசுவாவுக்கும் அதே பேர்தான். சுருக்கினா யேஷுவா, செல்லமாக் கூப்பிட்டா ஷுக்கி. எங்கட ஆண்டவர அந்தச் சனம் யேஷு எண்டு சொல்லும், அதுவும் கதை வந்தாத்தான். நான் யெஹோஷுவாவக் குளிப்பாட்டினன். யெஹோஷுவாவுக்குப் பம்பர்ஸ் மாத்தினன். மூத்திரம் போனா விடியக் காலையில சீலை மாத்தினன். சூப்பு சூடு எண்டு என்ட முகத்தில துப்பினதும் யெஹோஷுவாதான். அந்தப் பேரச் சொல்லி முழங்காலில நிண்டு கும்பிடு எண்டா எனக்கு டெட்டோல் மணக்குது, விளங்குதா?”

மெலனி அழுகையை நிறுத்திவிட்டுத் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலியானாவால் நிறுத்த முடியவில்லை. அணை உடைந்த மாதிரித்தான்.

“முதல் நாளே உங்கட பேரக் கேட்டார். யாக்கோபு எண்டன். யாக்கோவ், யாக்கோவ் எண்டு சிரிச்சார். செத்துப்போன அண்ணன்ட பேராம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் கேப்பார், யாக்கோவ் கடலுக்குப் போனானா, திரும்பி வந்தானா எண்டு. அந்தக் கிழவர் உங்களக் கேட்டார். நீங்க அவர ஒரு நாள் கேட்டீங்களா?”

“ஜூலி...”

“இருங்க. சாகும்போது நான் மட்டும்தான் இருந்தன். மகள் தூரத்தில இருந்து வந்துகொண்டிருந்தா. எங்கட ஆக்கள் போகும்போது காதுக்குள்ள என்ன சொல்லுவம்? சேசு மரி சூசை. எனக்கும் வாய் வரைக்கும் வந்துட்டு. ஆனா அது யூத வீடு, அங்க அந்தப் பேர் சொல்லுறதில்ல. வாய் திறந்து வேணாம் எண்டு சொல்லேலாத மனுசன்ட காதுக்குள்ள நான் எப்படி அதைப் போடுறது? ஒண்டும் சொல்லாம அனுப்பவும் ஏலாது. அதால அவர்ட பேரையே சொன்னன். அது வரைக்கும் சபா, சபா எண்டுதான் கூப்பிடுவன், தாத்தா எண்டு அர்த்தம். அண்டைக்குத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டன். மூண்டு தரம்.”

இவ்வளவையும் கேட்ட மனுசன் என்ன செய்திருக்க வேணும்? ஒரு தண்ணிக் கோப்பையாவது எடுத்துத் தந்திருக்க வேணாமா? யாக்கோபு மெல்ல மடியைத் தடவினான். சாவியாக்கும் என்று ஜூலியானா நினைத்தாள். எடுத்தது போன்!

“எப்படிச் சொன்னனீ?” என்றான். “அசல் ஆக்களோட இருந்தவள்தானே நீ. ஒருக்காச் சொல்லு, பதிஞ்சு வைக்கிறன்.”

அட பாவி மனுசா! ஜூலியானாவுக்கு அந்தப் போனைப் பிடுங்கிக் கிணற்றில் எறியத்தான் கை பறந்தது. பிடுங்கியும் விட்டாள். ஆனால் எறியவில்லை. சரி, உனக்குப் பேர்தானே வேணும், இந்தா பிடி என்று வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், அன்றைக்கு அந்தக் காதுக்குள் சொன்னது போலவே மூன்று தரம் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை அவன் மடியில் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தாள்.

யாக்கோபு போனைக் காதில் வைத்துக் கேட்டான். உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தான். சரியாக வரவில்லை. சத்தத்தைக் கூட்டி இன்னொரு தரம் போட்டான். இந்தத் தரம் அறை முழுக்கக் கேட்டது. முதலாவது பேர் வந்தது. இரண்டாவதில் குரல் கரகரத்தது. மூன்றாவது பாதியில் உடைந்து, அதுக்குப் பிறகு மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

“அப்பா, அம்மா அழுறா,” என்றாள் மெலனி.

யாக்கோபு போனை நிறுத்தினான். அதைப் பாயில் கவிழ்த்து வைத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஸும்றா வீட்டுக் கோழிகள் கூட்டுக்குள் அடைவதற்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன.

“நீ இதொண்டும் எனக்குச் சொல்லேல்லையே ஜூலி.”

“நீங்க கேக்கேல்லையே.”

யாக்கோபு எழும்பினான். மெழுகுதிரிக்குப் பக்கத்தில், மாதா படத்தின் காலடியில், சாவியை வைத்தான். மெலனி கீழே கிடந்த மணியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். “கனியாகிய இயேசுவும்” என்று ஒரே மூச்சில் தாண்டிவிட்டாள். யாரும் செருமவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சட்டை தோளில் கொஞ்சம் இறுக்கமாயிருந்தது. ஜூலியானா முதுகுப் பக்கம் இரண்டு தையலைப் பிரித்துவிட்டாள். யாக்கோபு ஸ்திரி போட்ட சேட்டோடு வந்து பிள்ளையின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டான். திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். கோயில் முழுக்க அந்தப் பேரைப் பாடிய நேரமெல்லாம் அவன் வாய் இறுக மூடித்தான் இருந்தது. ஜூலியானா ஓரக்கண்ணால் பார்த்தாள். எரிச்சல் வந்தது. ஆனால் பிள்ளை நன்மை வாங்கிவிட்டுக் கை கூப்பிக்கொண்டு திரும்பி நேரே அவளைத் தேடிப் பார்த்தாள். போனில் இல்லை, பக்கத்தில். ஜூலியானாவுக்குக் கண் மறைத்துக்கொண்டு வந்தது.

பூசை முடிந்து, மணல் ஒழுங்கையில் மூன்று பேரும் நடந்து வந்தார்கள். யாக்கோபு இரண்டு தரம் தொண்டையைச் செருமினான். திரும்பவும் தொடங்கப் போகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஜூலி,” என்றான். “அந்தக் கிழவர் மீன் தின்னுவாரா?”

ஜூலியானா நின்றுவிட்டாள். ஆறு வருஷமும் ஐந்து மாசமும் கழித்துக் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

“தின்னுவார்,” என்றாள். “முள்ளுக்குத்தான் பயம். நான் முள் எடுத்துக் குடுப்பன்.”

“என்ன மீன்?”

அவள் சொல்லத் தொடங்கினாள்.