பாதித் தலையில் கோடை

என் மச்சானின் தலையில் வலது பக்கம் பனி கொட்டிக்கொண்டிருந்தபோதே இடது பக்கத்துக்கு நான் கோடையைக் கொண்டுவந்தேன். நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். மச்சானும் சிரித்தவன்தான்.

முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். கடைக்காரன் தலையிலேயே பூஞ்சை பிடித்துப் பொடுகு! அவன் குனிந்து கத்தரி போட்டால் வாடிக்கையாளரின் கருப்புப் போர்வையில் ரெண்டு மூட்டை உப்பு உதிரும். அதைக் கண்ணாடியில் பார்த்தவர்கள் அடுத்த மாதம் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவர் கொடுத்த ஷாம்புவை நிறுத்தினால் பதினைந்தே நாளில் எல்லாம் திரும்பி வந்தது. கடையை மூடிவிடலாமா என்றுகூடக் கேட்டுவிட்டான்.

நானோ பெயின்ட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் சுவர்ப் பூஞ்சையோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். கை சும்மா இருக்குமா?

"என் தலை என்ன பாத்ரூம் சுவரா மாமா?"

"சுவர்னா சொன்ன பேச்சு கேக்கும்டா."

தேங்காய் எண்ணெயில் வேப்பிலை காய்ச்சித் தேய்த்தேன். ஒரே வாரத்தில் தலை மாவு மில் ஆனது. எண்ணெய்தான் அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு என்பது பிறகுதான் உறைத்தது. எதிரியை உட்காரவைத்து நானே பரிமாறியிருக்கிறேன்! மச்சான் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் மூன்று நாளும் தூங்கவில்லை, சந்தோஷத்தில். தப்பு எங்கே என்று பிடிபட்டுவிட்டதே!

அடுத்து, தேங்காய் எண்ணெயை ஒழித்துவிட்டு, பூந்திக்கொட்டை நுரையில் எலுமிச்சைப்புல் சாறு. தொழிற்சாலையில் பாதிச் சுவருக்குத்தான் அடித்துப் பார்ப்போம். அதேபோல் நடுவகிடு எடுத்து ஒரு பக்கம் என் சரக்கு, மறுபக்கம் வெறும் நுரை. வாசனை காட்டிக்கொடுக்காமலிருக்க இரண்டிலும் ரோஜா எசன்ஸ் ஊற்றினேன். தெருநாய்கள் மயங்கி அவன் பின்னால் ஊர்வலம் போயின. தம்பியின் தலையை அலசியது என் மனைவி. எந்தப் பக்கம் எது என்று சீட்டில் எழுதி, தையல் மிஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

"ரெண்டு பேருமே திருட்டுப் பசங்க. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

நாலாவது வாரம் என் மனைவி சீட்டோடு கடைக்கு வந்து நிற்க, அவனை அவன் நாற்காலியிலேயே உட்காரவைத்து, கருப்புத் துணி போர்த்தி, வாரினேன். வலது தோளில் வழக்கமான தூறல். இடது பக்கம் வாரினேன். மறுபடி வாரினேன். சீப்புக்கு மூச்சு வாங்கியது. துணி கருப்பாகவே கிடந்தது.

"உதறியிருப்பீங்க மாமா."

கைக்கண்ணாடியைப் பிடுங்கி, லட்சம் தலைகளைப் பார்த்த கண்ணால் தன் தலையை வேர்வேராகப் பார்த்தான். காதுக்குப் பின்னால், பிடரியில், வகிட்டில். பிறகு குரல் இறங்கியது.

"சீட்டப் பிரி அக்கா."

"இடது பக்கம், உங்க மாமாவோடது."

மச்சான் எழுந்து தொட்டியில் குழாயைத் திறந்தான். வலது பக்கத்தை என்னிடம் சாய்த்துக் குனிந்தான். தண்ணீர் கொட்டும் சத்தத்தோடு வந்தது அவன் குரல்.

"நடந்துருச்சு மாமா. ஒத்துக்கறேன்."