தொண்ணூற்றிரண்டு புள்ளி

பூங்காவைப் பார்வையிட நகரசபை ஆட்கள் வர இன்னும் பத்தொன்பது மணித்தியாலம் இருந்தது. கெத்தரின் உடற்பயிற்சிக்கு நட்ட இரட்டைக் கம்பியின் காலடியில் குந்தியிருந்து, துருத் தின்ற ஓட்டைக்குள் பழந்துணியைத் திணித்து மேலே சீமெந்துக் குழம்பை அப்பிக்கொண்டிருந்தாள். காய்ந்ததும் நீலப் பெயின்ட். அதற்குப் பிறகு அந்தக் கால் உள்ளே உக்கிப்போனது என்று தொட்டுப் பார்த்தாலும் தெரியாது.

அந்தக் கம்பியை வேறு யாரும் தேடவில்லை. பிள்ளைகள் ஊஞ்சலுக்குத்தான் ஓடுவார்கள். கம்பி வேண்டியிருந்தது அவள் புருஷன் றொபின்சனுக்கு. தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்கியவன்; பூசணி மூட்டையோடு லொறியிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே பாதி உயிர்தான். ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ் ஒளிக்காமல் சொன்னாள். இரண்டு கம்பிக்கு நடுவே தினமும் பிடித்து நடக்கவேண்டும். ஒரு வருடத்துக்குள் திரும்பி வருகிற நடைதான் நடை, மிச்சம் வராது. அதில் ஏழு மாதம் போய்விட்டது. கம்பி ஆடத் தொடங்கிய நாளிலிருந்து அவன் நடக்கவில்லை. கால் மறுபடி கட்டையாகிக்கொண்டிருந்தது. உக்கிய கம்பிக் குழாயை மாற்ற நகரசபைதான் காசு ஒதுக்கவேண்டும். எந்தப் பூங்காவுக்கு ஒதுக்குவது என்று புள்ளி போட்டுப் பார்க்கத்தான் நாளை வருகிறார்கள்.

"துப்பரவா வெச்சீக்கிற எடத்துக்குத்தான் சல்லி தருவாங்க," என்று பூங்காச் சங்கத் தலைவர் ஜுனைதீன் நானா அடித்துச் சொல்லியிருந்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விருந்தாளி வந்தால் கிழிந்த பாயையா விரிக்கிறோம்? பெயின்ட் அவர் கடையிலிருந்து இனாமாக வந்தது. ஊரே புல்லுப் பிடுங்கியது.

"இன்னொன்டு தங்கச்சி," என்றார் நானா. "நாளைக்கி ஒங்கட ஆளக் கொணந்து இங்க இருத்த வாணாம்."

"அவருக்காகத்தானே நானா கேக்குறோம்?"

"நொண்டி ஒத்தன் குந்திக்கொண்டு ஈந்தா பிச்சக்கார மடம் மாதிரி வெளங்கும். புள்ளி கொறையும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் குனிந்து சீமெந்தை வழித்துச் சமப்படுத்தினாள்.

காலையில் றொபின்சன் சவரம் செய்து, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு கதிரையில் தயாராக இருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் சட்டையைக் குனிந்து பார்த்தான்.

"எனக்கும் நீலம் அடிச்சிரு," என்றான். "செலைன்னு நெனச்சு ரெண்டு புள்ளி கூடப் போடுவாங்க."

கெத்தரின் கதவை வெளியே சாத்திவிட்டுப் போனாள்.

சபையிலிருந்து வந்தவள் சின்னப் பெண். கூடக் குறிப்பெழுத ஒரு லிகிதர். ஊஞ்சலைத் தள்ளிப் பார்த்தாள், குப்பை வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். இரட்டைக் கம்பியை இரண்டு விரலால் தொட்டாள். பெயின்ட் ஒட்டும் என்று பயந்திருக்கலாம். பக்கத்தில் நின்ற கெத்தரினைப் பார்த்து, "இது ஆடுதா?" என்று கேட்டாள்.

நானா கெத்தரினைப் பார்த்தார். புல்லுப் பிடுங்கிய அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"ஆடாது மிஸ். நல்லா இருக்கு."

தேநீர் குடித்து முடித்து அவர்கள் வாகனத்துக்குப் போனார்கள். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டிருந்த கெத்தரினை அவர்கள் கவனிக்கவில்லை. லிகிதர் சிங்களத்தில் சிரித்துப் பேசினார். இந்த இடம் தப்பியது, ஐந்து சதக் காசுகூடச் செலவில்லை; நாற்பது புள்ளிக்குக் கீழே உள்ளவற்றுக்குத்தானே காசு; இனி மூன்று வருடத்துக்கு இந்தப் பக்கம் வரத் தேவையில்லை. அந்தப் பெண், "பாவம், எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள்," என்றாள்.

கெத்தரினுக்குச் சிங்களம் தமிழைப் போலவே வரும். வாகனம் திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. ஓடினால் பிடித்திருக்கலாம். பூங்கா வாசல் படலையில் நானா கையசைத்துக்கொண்டு நின்றார். அவள் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினாள்.

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. தொண்ணூற்றிரண்டு புள்ளி, நகரத்திலேயே முதலிடம். நானா சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். வட்டிலப்பத்தோடு வீட்டுக்கு வந்து, "சல்லி பொறத்தால வரும் தம்பி, நீங்க கால ரெடி பண்ணுங்க," என்று றொபின்சனின் தோளில் தட்டினார். அன்றே றொபின்சன் தம்புள்ளைச் சந்தைக்குப் போனில் கோல் எடுத்தான். நத்தார்ப் பெருநாளுக்கு முந்தி வேலைக்கு வந்துவிடுவதாகவும் தன் இடத்தை யாருக்கும் கொடுக்கவேண்டாம் என்றும் சொன்னான். அந்தப் பக்கத்தில் யாரோ சிரித்தது கெத்தரினுக்கும் கேட்டது. அவனும் கூடச் சிரித்தான்.

அதன்பிறகு தினமும் கேட்டான். வெல்டிங்காரன் வந்தானா? குழாய் இறக்கினார்களா? அவள் "வருவாங்க" என்றாள்.

ஒரு பின்னேரம் பொறுக்கமாட்டாமல், "எழுப்பு, வீட்டுக்குள்ளயே நடப்போம்," என்றான். இரண்டு கையையும் அவள் தோளில் போட்டு எழுந்தான். அவள் பின்பக்கமாக அடி வைத்தாள். அவன் இடது கால் வந்தது. வலது கால் தரையைச் சுரண்டிக்கொண்டு இழுபட்டது.

"பின்னால பாத்துப் போ, எருமை. விழுந்தா ரெண்டு பேரையும் தூக்க ஆளில்ல."

கதிரை தூரத்தில் இருந்தது. கட்டிலும் எட்டவில்லை. அறையின் நடுவில் மூச்சு வாங்க நின்றான். அவன் முழுப்பாரமும் அவள் தோளில் இறங்கியது.

"அடுத்த கெழமையாச்சும் வந்துருவாங்கல்ல?"

"வரமாட்டாங்க," என்றாள். "நல்லா இருக்கிற பார்க்குக்குக் காசு குடுக்க மாட்டாங்களாம்."

அவன் விரல்கள் அவள் தோள்பட்டையில் இறுகின. விடவும் முடியாது.

"அந்த மிஸ் கம்பி ஆடுதான்னு கேட்டா. ஆடாதுன்னு நான்தாங்க சொன்னேன்."