பொன்னாத்தாள் அனுப்பிய மூன்றாவது தொகை

மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் கணபதி ஏரியாவில், சந்துக்குள் இருக்கிற அந்தப் பட்டறையில் இருந்தவர்கள்: பட்டறைக்காரன் சசிதர். அவன் மனைவி பூஜிதாவின் தம்பி வம்சி. வம்சி கூட்டி வந்த, பேர் சொல்லாத ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். லேத் ஓட்டுகிற குமாரசாமி.

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துப் பட்டறைக்காரன் டிரில் பிட் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. பில் புக்கைக்கூட இரவல் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான், "பாவா, ஒரு பம்பு கம்பெனி பேமெண்ட். உங்க கரண்ட் அக்கவுண்ட்ல வந்து போகட்டும். ரெண்டு பர்சண்ட் உங்களுக்கு" என்று அக்கா புருஷனிடம் வம்சி போனில் கேட்டபோது சசிதர் யோசிக்கவேயில்லை. "அதுக்கென்ன மாப்ளே" என்றான். டிரில் பிட்டைப் போலவே கணக்கு எண்ணையும் எடுத்துக் கொடுத்தான். ஆர்டர் இல்லாத மாதம். அந்தக் கணக்கில் மிச்சம் இருந்தது ஆட்களின் வாரக்கூலி மட்டும்தான்.

சசிதரின் போனில் பேங்கின் முதல் குறுஞ்செய்தி வந்தது. நான்கு லட்சத்து எண்பதாயிரம். அனுப்பியவர், பொன்னாத்தாள்.

"பம்பு கம்பெனின்னே?"

"ஓனரம்மா பேரா இருக்குமுங்க பாவா."

குமாரசாமி சிரித்தான். "காங்கேயத்துல எங்க பெரியம்மா பேருங்க அது. அதுக்கு மாடு ஓட்டத்தானுங்க தெரியும், கம்பெனி ஓட்டத் தெரியாது."

வெள்ளைச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை. "பேரையெல்லாம் பாக்காதீங்க. செக்குல கையெழுத்துப் போடுங்க. பேங்க் மூடறதுக்குள்ள எடுக்கணும்."

அடுத்தது தொண்ணூறாயிரம். அதே பேர். வம்சி நகம் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு மூன்றாவது. மூவாயிரத்து இருநூறு.

சசிதர் மூன்று குறுஞ்செய்திகளையும் மறுபடி படித்தான். எந்தக் கம்பெனியும் இப்படிப் பணம் அனுப்பாது. பானையைக் கவிழ்த்துத் தட்டி, அடியில் ஒட்டியதையும் சுரண்டினால்தான் இப்படி வரும். ஒருவன் விடாமல், இன்னும் இருக்கா, இன்னும் இருக்கா என்று கேட்டால்தான் வரும். எங்கேயோ ஒரு பொன்னாத்தாள் காதிலிருந்து போனை எடுக்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள். போலீஸ் பேசறேன் என்று ஒருவன் அவளை மிரட்டிக்கொண்டிருக்கிறான். பேப்பரில் தினமும் வருகிற கதைதான். பணம் விழுந்த கணக்குக்காரனைத்தான் முதலில் தூக்குவார்கள் என்பதும் அதே பேப்பரில் வருகிறது. செக்கில் இருக்கப்போவது சசிதரின் கையெழுத்து. வெள்ளைச் சட்டைக்காரருக்கு இங்கே பேரே கிடையாது.

"குமாரசாமி, போயி டீ வாங்கிட்டு வாங்க."

"இப்பத்தானுங்களே குடிச்சோம்."

"வாங்கிட்டு வாங்கன்னா."

குமாரசாமி ஒரு நொடி முதலாளியின் முகத்தைப் பார்த்தான். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போனான்.

"கம்பெனி சீல் இல்லாம இந்தச் செக்கு செல்லாதுங்க. டூல் ரூம்ல இருக்குது, எடுத்துட்டு வாரேன்" என்று சசிதர் எழுந்தான்.

"போனை வெச்சுட்டுப் போங்க."

"உள்ள கரண்ட் இல்லீங்க. டார்ச்சுக்கு வேணும்."

டூல் ரூமில் கரண்ட் இருந்தது. சசிதர் விளக்கைப் போடவில்லை. இரும்புக் கதவை ஒருக்களித்துவிட்டு, ஆன்லைன் பணமோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழுத்தினான். 

"எங்கணக்குக்குத் திருட்டுப் பணம் வந்திருக்குதுங்க. யாரும் எடுக்க முடியாம நிறுத்திப்போடுங்க."

"உங்க சொந்தக் கணக்கையா சார்?"

"ஆமாங்க."

கூலியும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். எப்போது வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாயங்காலம் ஆட்கள் வாசலில் நிற்பார்கள். தம்பியைக் காட்டிக்கொடுத்தவன் என்று பூஜிதா சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். சசிதர் கணக்கு எண்ணைச் சொன்னான்.

கதவிடுக்கில் நிழல் விழுந்தது. "பாவா, சீல் கெடைக்கலீங்களா?" பிறகு குரல் தாழ்ந்தது. "யாருகிட்டப் பேசறீங்க? பாவா, வேண்டாமுங்க. அந்தாளு என்னையக் கொன்னுபோடுவான்."

வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் இந்தப் பக்கமாக வந்தது.

சசிதர் கையை நீட்டி வம்சியின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தான். போனை அவன் வாயருகே வைத்து, "அவன் யாரு, எங்க புடிச்சே, எல்லாத்தையும் நீயே இவங்ககிட்டச் சொல்லு" என்றான்.

வம்சி அழ ஆரம்பித்தான். சசிதர் அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்பக்கக் கொண்டியைப் போட்டு, பூட்டையும் மாட்டி அழுத்தினான்.