அக்குளில் நான்கு ஒட்டு

ஹில்தூரின் பூதக்கண்ணாடிக்குத் தப்பி எந்தத் தையலும் மாளிகைக்குள் போனதில்லை. சுங்கத்துறையில் முப்பது வருஷம் பெட்டிகளைக் கிளறிய கை அது. ஜூன் மாத நடன நாளில் வேனெர்ன் ஏரிக்கரை மாளிகைக்குள் நுழைய வேண்டுமானால், ஆயிரத்து எழுநூறுகளில் தைத்தது போலவே கையால் தைத்த கவுன் வேண்டும். வாசலிலேயே அவள் சோதித்து அனுப்புவாள். போன வருஷம் குன்வோரின் கவுனில், கீழ்க்கரை மடிப்புக்குள், ஒரு சாண் மெஷின் தையலைப் பிடித்துவிட்டாள். எல்லோரும் ஆட, பஸ் ஓட்டுநரான குன்வோர் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தாள். அந்த அவமானம் ஆறவே இல்லை. இந்த வருஷம் உள்ளே போயே தீருவது என்று சபதம் போட்டாள்.

அக்டோபரில் ஆரம்பித்தாள். மஞ்சள் பூ நெய்த பட்டு. கடைசி நிறுத்தத்தில் பஸ் நிற்கும் பன்னிரண்டு நிமிஷமும் கையில் ஊசிதான். முதுகுக் கொசுவத்தை மட்டும் மூன்று முறை பிரித்துத் தைத்தாள். விரல் நுனி சல்லடையாயிற்று.

மே மாதம், கவுனின் கைகளை வெட்டும்போதுதான் புத்தி புல் மேயப் போனது. அந்தக் காலத்துக் கை முழங்கையில் வளையும். இடது வேறு, வலது வேறு. இவளோ பட்டை ஒரே பக்கமாக விரித்து இரண்டையும் வெட்டிவிட்டாள். இரண்டுமே இடது! திருப்பிப் போட்டால் பூவின் பின்பக்க நூலெல்லாம் பல்லிளிக்கும்.

"விடு குன்வோர், ரெண்டு இடது கை உள்ள சீமாட்டின்னு ஒரு கதை கட்டிரலாம்" என்றான் கணவன் தூரே.

"வாயை மூடுறியா? இங்க வயிறு எரியுது!"

கடையில் அந்தப் பட்டு தீர்ந்து போயிருந்தது. ஒரு பாட்டம் அழுது முடித்தவள், வீணான கையையும் மிச்சத் துண்டுகளையும் சேர்த்து, நாலு ஒட்டுப் போட்டு, ஒட்டெல்லாம் அக்குள் பக்கம் ஒளியும்படி வலது கையைத் தைத்தாள்.

நடன நாளன்று ஹில்தூர் கீழ்க்கரையில் தொடங்கினாள். அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"சும்மா சொல்லக் கூடாது, எறும்பு ஊர்ந்த மாதிரி தைச்சிருக்கே. வலது கையைத் தூக்கு."

"வேணாம்க்கா, சுளுக்கு."

"சுளுக்கா? காலைல பஸ்ஸை எந்தக் கையால ஓட்டுனே? தூக்கும்மா."

தூக்கினாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது என்ன, கிழிஞ்ச சாக்கு மாதிரி நாலு ஒட்டு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குன்வோருக்குக் காது மடல் சுட்டது. ஆனால் வாயில் பொய் வரவில்லை.

"தப்பா வெட்டிட்டேன்க்கா. வேற பட்டு கிடைக்கல. இருந்ததை ஒட்டுனேன். அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்குத் துணி பத்தாமப் போனதே இல்லையா? அவங்க என்ன பண்ணாங்களாம், நீங்களே சொல்லுங்க!"

ஹில்தூர் எழுந்து மாடிப்படி ஏறினாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், அந்த மாளிகைச் சீமாட்டி இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் உடுத்திய நிஜ கவுன் இருக்கிறது. வருஷா வருஷம் அதன் முன்பக்கத்தைப் பார்த்து வாய் பிளப்பார்களே தவிர, அக்குளைக் குனிந்து பார்த்தவர் யாருமில்லை.

உள்ளே வயலின்களுக்குச் சுதி சேர்த்தாயிற்று. குன்வோர் தூக்கிய கையோடு அப்படியே நின்றாள். மறுபடி அந்த பெஞ்சுதானா?

ஹில்தூர் இறங்கி வந்தாள். பாவாடையில் முட்டிக்கு நேரே தூசி.

"எண்ணிட்டு வந்தேன்" என்றாள் எல்லோருக்கும் கேட்க. "அந்தச் சீமாட்டி கையில ஏழு ஒட்டு. ஒண்ணுல பூ தலைகீழா வேற இருக்கு."

தன்னுடைய கவுனின் ஒட்டே இல்லாத கைகளை ஒரு கணம் பார்த்துக்கொண்டாள்.

"இங்க நிக்கிறவங்கள்ல அந்தக் காலத்து மாதிரி தைச்சவ இவ ஒருத்திதான். என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். முதல் ஆட்டம் இவளுக்கு. வழி விடுங்க!"

சிரித்தவர்கள்தான் முதலில் விலகினார்கள். குன்வோர் கையை இறக்கவில்லை. நாலு ஒட்டும் ஊருக்கே தெரிய, உள்ளே போனாள்.